முழு பிரேக்

எஸ்தர் கண்ணு,

நீ வெளிநாடு போய்ச் சேர்ந்து இருபது நாளாகிறது. தினமும் போனில் உன் முகத்தைப் பார்க்கிறோம். என்ன குளிர், என்ன சாப்பிட்டாய் என்று அம்மா கேட்டு முடிப்பதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைப் போனில் ஆரம்பித்தால் பாதியில் நான் வேறெதையாவது பேசிவிடுவேன், நீயும் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். லைசென்ஸ் விண்ணப்பத்தைத் தவிர நான் எதையும் எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் அங்கிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் முப்பத்திரண்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். என்னிடம் கற்றுக்கொண்டவர்களில் டாக்டரும் உண்டு, துறைமுகத்திலிருந்து மீன் லாரி ஓட்டுகிறவரும் உண்டு. அத்தனை பேருக்கும் நான் சொன்னது ஒரே பாடம்: நாற்பதைத் தாண்டாதே, பிரேக்கைப் பூ மாதிரி தொடு. பிரேக்கை ஓங்கி மிதிக்கிறவன் முன்னால் பார்க்காமல் ஓட்டுகிறவன் என்பது என் கட்சி. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட டயர் தேய்கிற சத்தம் வர நான் வண்டியை நிறுத்தியதில்லை என்று உன் அம்மாவிடமும், உன் மாமாக்களிடமும், ஒரு தடவை பங்குச் சாமியாரிடமும்கூடப் பெருமை பேசியிருக்கிறேன்.

நீ படிப்பை முடித்து, சிதம்பரத்தில் பாலிடெக்னிக் வேலைக்குச் சேர்ந்த நேரத்தில் ஸ்கூலுக்குப் புது கார் வந்தது. பழைய எல் போர்டு காரை நீ கேட்டாய். வெள்ளைப் பெயின்ட் மஞ்சளடித்துப் போன சின்ன கார் அது. எத்தனையோ பேர் கிளட்சைக் கருக்கிக் கற்றுக்கொண்ட வண்டி. இடது சீட்டுக்கு முன்னால் எனக்கென்று ஒரு பிரேக், ஒரு கிளட்ச் தனியாக இருக்கும். சிதம்பரம் சீர்காழி ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற சலீம் தம்பியிடம் நீ அதைக் கொண்டுபோனாய், நானும் கூட வந்தேன். அவரும் என்னிடம் லைசென்ஸ் எடுத்தவர்தான். எனக்கான அந்த இரண்டு பெடலையும் அவர் கழற்றிக் கையில் கொடுத்தபோது, யாரோ என் செருப்பைக் கழற்றச் சொன்னது மாதிரி இருந்தது.

"இன்னும் இன்னா செய்யப் போறே?" என்று கேட்டேன்.

"மொதல்ல டயருப்பா. அப்புறம் ஷாக் அப்சார்பரு, ஸ்பிரிங்கு. அப்புறம் பிரேக்கு. இன்ஜின் பக்கம் கடைசியாத்தான் போவேன்."

"எதுக்கு பாப்பா இதெல்லாம்? கார் நல்லாத்தானே ஓடிக்கினு இருக்குது?"

"ஓடுதுப்பா. நிக்கிறதும் திரும்பறதும்தான் சரியில்ல."

பந்தயக்காரப் பையன்கள் சைலன்சரை மாற்றி ஊரை எழுப்புவதைத்தான் நான் பார்த்திருந்தேன். நீயும் அந்த வழிதான் என்று நினைத்தேன். ஆர்.டி.ஓ. ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்த முகம் என்னுடையது. சட்டத்துக்கு மீறி எதையாவது மாட்டி என் பெயரைக் கெடுத்துவிடுவாயோ என்று பயம். ஆனால் நீ சைலன்சரைத் தொடவே இல்லை. புது டயரை அனுமதித்த அளவிலேயே, நல்ல ரப்பராகப் பார்த்து வாங்கினாய். அன்றைக்குப் பட்டறையில் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? "ஒரு டயர் பூமியைத் தொடுற எடம் இவ்ளோதாம்பா. நாலும் சேத்தா நாலு கை. நாம வேகமாப் போறது, நிக்கிறது, திரும்பறது எல்லாமே இந்த நாலு கைக்குள்ளதான்." அன்று கடலூருக்கு பஸ்ஸில் திரும்பினேன். எதிரே வந்த ஒவ்வொரு வண்டியையும், உள்ளே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்களையும் பார்த்தபடியே வந்தேன். இத்தனை உயிரும் இத்தனை வேகமும் சில உள்ளங்கைகளில் நிற்கிறது. முப்பத்திரண்டு வருஷம் ரோட்டிலேயே கிடந்தவனுக்கு இது தோன்றவே இல்லையே என்று இருந்தது.

பிறகு ஸ்பிரிங்கும் ஷாக்கும் மாற்றிய கையோடு, கிள்ளையில் உன் பெரிய மாமா வீட்டு விருந்துக்குப் போனோம். சிதம்பரம் தாண்டி அந்த வளைவான ரோட்டில் நீ ஓட்டினாய், நான் இடதுபக்கம். அந்தக் காரை என் உடம்பு போல எனக்குத் தெரியும். எந்த வளைவில் எவ்வளவு சாயும், எங்கே பின்பக்கம் தூக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வளைவு வந்ததும் என் தோள் தானாகச் சாயத் தயாரானது. கார் சாயவில்லை. தண்டவாளத்தில் போவது மாதிரி போனது. பின்சீட்டில் அம்மா மடியில் வைத்திருந்த பாயசத் தூக்கில் ஒரு சொட்டு சிந்தவில்லை. "இன்னாங்க இது, புதுக் காரா?" என்று அம்மா கேட்டாள். எனக்குப் பிரமிப்பாக இருந்தது. அதைச் சொன்னால் தோற்றுவிடுவேன் என்று வாயை மூடிக்கொண்டேன். பெண்ணைப் பாராட்டுவதில் அப்பனுக்கு என்ன தோல்வி? அன்றைக்கு அந்தப் புத்தி இல்லை.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரியும். ஆனால் முழுசாகத் தெரியாது.

சென்னைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கார் பந்தயப் பாதையில் ஒரு நாள் யார் வேண்டுமானாலும் தங்கள் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கலாம் என்று அறிவிப்பு வந்தது. நீ பெயர் கொடுத்தாய். அதற்காகவே பிரேக் ஆயிலை மாற்றி, முன்சக்கரத்துக்கு வேறு பிரேக் பேடு மாட்டினாய். வாரநாளில் நீ சிதம்பரத்தில் ஹாஸ்டலில் இருப்பாய், கார் நம் வீட்டில் நிற்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போனேன். தெரு முனையில் பிரேக்கைத் தொட்டதும் கிறீச்சென்று கத்தியது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டோ நின்றது. வழக்கம் போலப் பூ மாதிரி மிதித்தேன், கார் நிற்காமல் நழுவியது. ஒரு முழம் இடைவெளியில் தப்பித்தேன். என் மகள் ஏமாந்து மட்டமான சாமானை மாட்டிக்கொண்டாள் என்று முடிவு செய்துவிட்டேன். உனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். செய்தால் நீ ஏதாவது விளக்கம் சொல்வாய், எனக்குப் புரியாது, நீ ஜெயித்துவிடுவாய். அதனால் வழியிலிருந்த ஒரு கடையில் நிறுத்தி, அந்தப் பேடுகளைக் கழற்றச் சொல்லி, சாதாரணப் பேடு மாட்டிக்கொண்டு வந்தேன். கழற்றியதைப் பேப்பரில் சுற்றிப் பரணில், கிறிஸ்துமஸ் ஸ்டார் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். உன்னைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் அன்றைக்கு மீன் குழம்பு இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நீ, நான், சலீம் தம்பி மூன்று பேரும் விடியலில் கிளம்பினோம். போகிற வழியெல்லாம் நான்தான் ஓட்டினேன். அந்தப் பாதையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நீ ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனபோது கம்பி வேலிக்குப் பின்னால் நின்றேன். முதல் மூன்று சுற்று எனக்குக் கண் நிலைகொள்ளவில்லை. பக்கத்தில் பெரிய பெரிய கார்களெல்லாம் ஓடின. நேர்ப் பாதையில் அவை உன்னைத் தாண்டின, வளைவில் நீ அவற்றின் வாலைப் பிடித்தாய். நம் எல் போர்டு கார் அது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் நின்றவரிடம் சொல்லியும் விட்டேன். நாலாவது சுற்றில் நேர்ப் பாதையின் கடைசியில் முன்சக்கரத்திலிருந்து புகை வந்தது. கார் நிற்கவில்லை.

எஸ்தர், நான் அதற்குப் பிறகு பார்த்ததை இத்தனை நாள் உன்னிடம் சொன்னதில்லை. நீ பதறவில்லை. நாலிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு என்று கியரை இறக்கிய சத்தம் ஒவ்வொன்றாக எனக்குக் கேட்டது. முன்னால் போன காரைத் தொடாமல், ஸ்டியரிங்கை ஒரு நூல் அளவு திருப்பி, நேராகப் பாதையோரத்து மணல் பக்கம் விட்டாய். கார் மணலைக் கிழித்துக்கொண்டு போய்ப் புதைந்து நின்றது. ஒரு பெரிய புழுதி. அந்தப் புழுதி அடங்கி, கதவு திறந்து, நீ இறங்கி, கையைத் தூக்கி "ஒண்ணுமில்ல" என்று காட்டும்வரை நான் வேலியின் கம்பியைப் பிடித்திருந்தேன். உள்ளங்கையில் பதிந்த தடம் மறுநாள்வரை இருந்தது.

காரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். "பெடல் கல்லு மாதிரி இருந்துச்சுண்ணே. ஆனா கார் நிக்கல," என்று நீ சலீமிடம் சொன்னாய். அவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தபடியே நிமிர்ந்தார். "இது நம்ம போட்ட பேடு இல்லியே." அங்கே கூடியிருந்தவர்களில் ஒருவர் சும்மா இருக்காமல், "பட்டறைக்காரங்க இப்படித்தாம்மா. நல்ல சாமானக் காட்டிட்டு வேறதை மாட்டிடுவாங்க," என்றார். எல்லோரும் சலீமைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இரண்டடி தள்ளி நின்றேன். நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பெண்ணைச் சாவு வரைக்கும் கொண்டுபோனதைக்கூட அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு நல்ல மனிதனின் பெயர் என் கண் முன்னால் கெடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அது அறிந்து செய்தது.

திண்டிவனம் தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். சலீம் தம்பி முகம் கழுவப் போயிருந்தார். அப்போதுதான் என் வாய் திறந்தது. செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னேன். நீ டீ கிளாஸைக் கீழே வைத்தாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன்.

"அந்த பேடு சூடானாத்தாம்பா பிடிக்கும். காலையில கத்தும், மொதல் ரெண்டு தடவ வழுக்கும். எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?" அவ்வளவுதான் கேட்டாய். அப்புறம், "ரோட்டுல ஓட்டறதுக்கு அது லாயக்கில்ல. நான்தான் கழட்டி வெச்சுட்டுப் போயிருக்கணும். இல்லன்னா உங்ககிட்ட சொல்லியாவது இருக்கணும். அது என் தப்பு. ஆனா சலீம் அண்ணங்கிட்ட நீங்கதான் சொல்லணும்," என்றாய்.

உன் பங்குத் தப்பை நீ அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொண்டாயே, அதைப் பார்த்துத்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதை எங்கே கற்றுக்கொண்டாய்? நிச்சயமாக என்னிடம் இல்லை.

டீக்கடையில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் பூசை முடிந்ததும் பஸ் பிடித்துச் சிதம்பரம் போனேன். பட்டறையில் என்ன நடந்தது என்று நீ கேட்டபோதெல்லாம் "சொல்லிட்டேன்" என்று மட்டும்தான் சொன்னேன். நடந்தது இதுதான். சலீம் தம்பி ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். நான் குனிந்து, "தம்பி, பேடை மாத்தினது நான்தான்," என்றேன். உள்ளேயிருந்து ஸ்பேனர் சத்தம் நின்றது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு நேத்தே தெரியும் மாஸ்டர்."

"எப்படி?"

"உங்க மூஞ்சியப் பாத்தேன். வண்டி மணல்ல பூந்ததுக்கு பயந்த மூஞ்சி வேற, அது வேற."

"அப்ப ஏம்ப்பா சொல்லல? உன்னத்தானே எல்லாரும் பேசினாங்க?"

"அவுங்க யாரோ எவரோ. இன்னிக்குப் பேசிட்டு நாளைக்கு மறந்துடுவாங்க. பாப்பா முன்னாடி நான் சொல்லி நீங்க தலை குனிஞ்சா, அது உங்க ரெண்டு பேருக்கும் ஆயுசுக்கும் மறக்காது. நீங்களே சொல்லுவீங்கன்னு விட்டுட்டேன்." பிறகு சிரித்துக்கொண்டே, "ஒரு நாள் ஜாஸ்தி ஆயிடுச்சு, பரவால்ல," என்றார்.

நான் அவருக்கு எட்டுப் போடக் கற்றுக்கொடுத்தவன், எஸ்தர். மாஸ்டர் என்று அவர் கூப்பிடும்போதெல்லாம் இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீ இருக்கிற ஊரில் உனக்குப் பெரிய பெரிய நிபுணர்கள் கிடைப்பார்கள். அவர்களிடம் வேலையைக் கற்றுக்கொள். ஆனால் பழி தன்மேல் விழும்போதும் அடுத்தவன் மானத்தை நினைக்கிற ஒருவர் எங்கேயாவது தென்பட்டால், அவர் தரை கூட்டுகிறவராக இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்துகொள். தப்பு உன்னுடையதாக இருந்தால் அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் சொல்லிவிடு. என்னைப் போல மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்காதே. அந்தப் பாதையில் சலீமைப் பார்த்தவர்களில் ஒருவரிடமும் இனி நான் போய்ச் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் நீ என்னை ஆலப்பாக்கம் பக்கம் கூட்டிக்கொண்டு போனாய். மனை பிரித்து, தார் ரோடும் போட்டு, ஒரு வீடுகூட எழும்பாமல் கிடக்கிற நகர். ஆடுகள்கூட வராத இடம். நீ இடதுபக்கம் உட்கார்ந்துகொண்டு, "அறுபதுல போய் முழு பிரேக் மிதிங்க," என்றாய். மிதித்தேன். "இது பாதி," என்றாய். மறுபடி மிதித்தேன். "இதுவும் பாதிதாம்பா. பெடலை ஒடைக்கிற மாதிரி மிதிங்க." மூன்றாவது தடவை கண்ணை இறுக்கிக்கொண்டு மிதித்தேன். காலுக்கடியில் பெடல் தடதடவென்று அடித்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிட்டேன்.

"எடுக்காதீங்க! அது ஏபிஎஸ்ஸு. சக்கரம் வழுக்காம புடிச்சு விடுது. அது வேலை செய்யும்போது நீங்க மிதிச்சிக்கினே இருக்கணும்!"

நாலாவது தடவை காலை எடுக்கவில்லை. பெல்ட் என் மார்பை இறுக்கியது, காரின் மூக்கு குனிந்தது, அந்தத் துடிப்பு பாதத்திலிருந்து முழங்கால்வரை ஏறியது. கார் நின்றுவிட்டது. முதல் தடவை கார் நின்ற இடத்தில் நீ சாக்பீஸால் போட்டிருந்த கோட்டுக்கு எவ்வளவோ முன்னாலேயே நின்றுவிட்டது. இறங்கிப் போய் அந்த இடைவெளியை நடந்து பார்த்தேன். மூன்று பேர் வரிசையாகப் படுக்கலாம். அந்த இடைவெளியில் ஒரு குடும்பமே பிழைக்கும். ஆயிரக்கணக்கான பேருக்கு பிரேக் சொல்லிக்கொடுத்தவன், அறுபத்திரண்டு வயதில் அன்றைக்குத்தான் பிரேக் போட்டேன். அந்தத் துடிப்பு அந்தக் காருக்குள் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. நான்தான் ஒரு நாளும் அதைக் கூப்பிடவில்லை.

பூ மாதிரி தொடு என்று நான் சொல்லிக்கொடுத்தவர்களில் எத்தனை பேர், ஒரு மாடோ மனிதனோ குறுக்கே வந்த நிமிஷத்தில் பாதி மிதித்ததோடு விட்டிருப்பார்கள்? தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அதை நினைத்து நான் அந்தத் தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் தலை சுற்றுகிறது என்று நினைத்து நீ தண்ணீர் கொடுத்தாய். வெயில் இல்லை கண்ணு.

நீ மறுபடி அந்தப் பாதைக்குப் போனபோது அம்மாவும் வந்தாள். சரியான பேடு, சரியான டயர், கடைசியாக இன்ஜின் கம்ப்யூட்டரில் நீ செய்த சின்னத் திருத்தம். அன்றைக்கு நீ எத்தனையாவதாக வந்தாய் என்பதுகூட எனக்கு ஞாபகமில்லை. நீ உள்ளே வந்து நிறுத்தியதும் முன்சக்கரத்துக்கு ஒரு ஜாண் தள்ளிக் கையை நீட்டினேன், அனல் தாங்கவில்லை. "இவ்ளோ சூடு எங்கேர்ந்து வருது?" என்று அம்மா கேட்டாள். "அது சூடு இல்லம்மா, என் வேகம். நின்னா அது எங்கியாவது போகணும்ல, இப்படித்தான் போகுது," என்றாய். அம்மா வாயைத் திறந்தபடி உன்னைப் பார்த்தாள். நானும்தான். நாங்கள் பெற்ற பிள்ளை எங்களுக்குத் தெரியாத ஒன்றை இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாளே என்று பார்த்தோம். கார் கம்பெனியில் பிரேக் சோதிக்கிற வேலைக்கு அத்தனை தூரத்திலிருந்து உன்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று மஞ்சக்குப்பத்தில் கேட்கிறவர்களுக்கெல்லாம் இப்போது அம்மாதான் இதைச் சொல்கிறாள். எனக்குச் சொல்ல வாய்ப்பே கொடுப்பதில்லை.

நீ போன பிறகு ஸ்கூலில் ஒரு பாடத்தைச் சேர்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இத்தனையும். லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு முந்தின வாரம் ஒவ்வொருவரையும் ஆலப்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். நேற்று வந்தவர் தனலட்சுமி. அண்ணாகிராமத்துக்காரர், கிராம சுகாதார நர்ஸ், ஐம்பதை நெருங்குகிறவர். என்னைவிடப் பயந்தவர். ஸ்டியரிங்கைக் குழந்தையைப் பிடிப்பது போலப் பிடிப்பார். முதல் தடவை பாதிதான் மிதித்தார். இரண்டாவது தடவை பெடல் துடித்ததும் அலறிக் காலை எடுத்துவிட்டார். நான் நீ சொன்னதையே சொன்னேன். மூன்றாவது தடவை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். கார் நின்றது. எங்கள் பின்னாலிருந்து புழுதி வந்து கண்ணாடியைத் தாண்டி முன்னால் போனது. அவர் ஸ்டியரிங்கைவிட்டுக் கையை எடுக்கவே இல்லை. முகமெல்லாம் வியர்வை. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், இந்த வண்டிக்குள்ள இவ்ளோ இருக்குதா?"

"இருக்குதும்மா," என்றேன். "எனக்கே எம்பொண்ணு சொல்லித்தான் தெரியும்."

அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தானாகவே முதல் கியரைப் போட்டார்.

உன் அப்பா